சித்தப்பாவின் வியட்நாம், என்னுடைய ஈராக்

எங்கள் குடும்பத்தில் வியட்நாம் சித்தப்பாவுக்குச் சொந்தம், ஈராக் எனக்கு. சித்தப்பா 1947 இல் பிறந்தவர். பேராதனையில் படித்த காலத்தில் அமெரிக்காவுக்கு எதிரான ஊர்வலங்களில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர். பிறகு தபால் கந்தோரில் சேர்ந்து, தலை நரைத்து, இப்போது பென்சன் எடுக்கிறார். வியட்நாம் என்று வந்தால் மட்டும் குரல் இன்னும் இறங்கவில்லை.

நான் 1972. வெளிநாட்டுச் சண்டை ஒன்றை நாள் தவறாமல் கேட்டது என்றால் 1991 வளைகுடா யுத்தம்தான். அப்போது யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, ரேடியோவுக்குப் பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து பி.பி.சி. தமிழோசை கேட்போம். சுற்றுகிறவனுக்குக் கை அலுத்தால் பக்தாத்தும் சேர்ந்து அமுங்கிப் போகும். 2003 இல் நிலைமை வேறு. சமாதான காலம், ஏ9 பாதை திறந்திருந்தது, டிஷ் அன்ரனாக்களும் வந்துவிட்டன. ஏப்ரல் 9 ஆம் திகதி பிர்தௌஸ் சதுக்கத்தில் சதாமின் சிலையை இழுத்து விழுத்தியதைக் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு கடை வாசலில் நின்று பார்த்தேன்.

சரி, இந்தப் பழங்கதை இப்போது ஏன்? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை. பைண்டிங்குக்கு வருவதையெல்லாம் வாசித்துவிடுவது என் பழக்கம். (பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால் கோபிக்க வேண்டாம், எழுத்துப்பிழை கண்டு நான் சொல்லி நீங்கள் திருத்தியும் இருக்கிறீர்கள்.) அண்மையில் வந்த ஓர் ஒப்படை வியட்நாமையும் ஈராக்கையும் ஒப்பிட்டு எழுதியது. இரண்டும் ஒரே கதை, ஆண்டும் இடமும்தான் வேறு என்று முடித்திருந்தது. பின்னேரங்களில் கடைக்கு வந்து குந்தியிருக்கும் சித்தப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்குது. ஒண்டு காட்டுக்கை, மற்றது மணலுக்கை. வேறை என்ன வித்தியாசம்?”

எனக்கு அது பொறுக்கவில்லை. அன்று தொடங்கிய வாய்த்தர்க்கம் இன்னும் ஓயவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

தொடக்கத்தைப் பொறுத்தவரை சித்தப்பாவோடு எனக்கு வழக்கில்லை. 1964 ஓகஸ்ட் 2 ஆம் திகதி டொங்கின் குடாவில் மடொக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வடவியட்நாமின் டோர்பிடோப் படகுகள் தாக்கியது உண்மை. 4 ஆம் திகதி இரவு மறுபடியும் தாக்கினார்கள் என்பதுதான் கதை. அன்றிரவு அந்தக் கடலில் எந்தத் தாக்குதலும் நடக்கவில்லை. கப்பலில் இருந்த கட்டளை அதிகாரி ஹெரிக்கே சில மணி நேரத்துக்குள் சந்தேகப்பட்டார். வானிலை ராடாரைக் குழப்பியிருக்கலாம், சோனார் கேட்டவர்களும் அவசரப்பட்டிருக்கலாம், பொழுது விடிந்து சரிபார்க்கும்வரை பொறுங்கள் என்று செய்தி அனுப்பினார். வாஷிங்டன் பொறுக்கவில்லை. 7 ஆம் திகதி, ஜனாதிபதி படையை இறக்க அதிகாரம் கொடுக்கும் டொங்கின் தீர்மானம் அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2. எதிர்த்தவர்கள் வெய்ன் மோர்ஸ், ஏர்னஸ்ட் குருனிங். இந்த இரண்டு பெயரையும் சித்தப்பாவை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

2003 பெப்ரவரி 5 இல், ஈராக் சண்டைக்கு முன்னர், அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். இவ்வளவு அந்திராக்ஸ் தூள் இருந்தாலே போதும் என்ற தோரணை. லொறிகளில் ஓடித்திரியும் கிருமி ஆயுதத் தொழிற்சாலைகள் என்று படமும் போட்டுக் காட்டினார். அந்த லொறிக் கதை ஜெர்மனியில் அகதித் தஞ்சம் கேட்ட ஓர் ஈராக்கியரிடமிருந்து வந்தது. அமெரிக்கர்கள் அவருக்கு வைத்த ரகசியப் பெயர் ‘கேர்வ்போல்’. தான் சொன்னது பொய் என்று 2011 இல் அவரே பத்திரிகைக்குச் சொன்னார். ஆயுதம் தேடப் போன குழுவுக்குத் தலைமை தாங்கிய டேவிட் கே, 2004 ஜனவரியிலேயே நாங்கள் எல்லோரும் பிழைவிட்டுவிட்டோம் என்று செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

பவல் யார்? வியட்நாமில் இளம் அதிகாரியாக நின்றவர். அங்கே தலைவர்கள் உண்மை பேசவில்லை என்று பிறகு வருந்தி எழுதியவர். அந்த மனிதன் கையில்தான் குப்பி. இந்த இடத்தில் சித்தப்பா ஒரு நக்கல் சிரிப்புச் சிரிப்பார், எனக்கும் சிரிக்காமல் இருக்க முடிவதில்லை.

ஆக, தொடக்கம் ஒன்றுதான். நான் வேறுபடுவது அதற்குப் பிறகு. வியட்நாமிலிருந்து அமெரிக்க அரசு ஒரு பாடம் படித்தது. சண்டைக்குப் போகக்கூடாது என்று படிக்கவில்லை. எல்லார் வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடக்கூடாது என்றுதான் படித்தது. ஈராக் அந்தப் பாடத்தைச் செயலில் காட்டிய யுத்தம்.

1969 டிசம்பர் 1 ஆம் திகதி இரவு வாஷிங்டனில் ஒரு சீட்டுக் குலுக்கல் நடந்தது. ரி.வி.யில் நேரடியாகக் காட்டினார்கள். நீல நிறப் பிளாஸ்ரிக் குப்பிகள் 366, பெப்ரவரி 29 உட்பட. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிறந்த திகதி எழுதிய துண்டு. பெரிய கண்ணாடி ஜாடிக்குள் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டெம்பர் 14. அன்று பிறந்த பெடியனுக்கு முதலாம் இலக்கம், அவனுக்குத்தான் முதலில் கடிதம் போகும். 1944 முதல் 1950 வரை பிறந்தவர்களுக்கான குலுக்கல் அது. இரண்டாவது ஏப்ரல் 24. மூன்றாவது டிசம்பர் 30.

சித்தப்பாவின் பிறந்தநாள் 1947 டிசம்பர் 30.

அதை நான் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப மூண்டாம் நம்பரோ நான்?” என்று கேட்டார். ஓம், மூன்றாம் இலக்கம். அந்த ஆண்டுக் குலுக்கலில் 195 ஆம் இலக்கம் வரைக்கும் கூப்பிட்டார்கள், மூன்று என்றால் தப்ப வழியில்லை. இன்னொன்றும் சொன்னேன். குப்பிகளை மாதவாரியாகப் பெட்டிக்குள் போட்டுவிட்டுச் சரியாகக் கலக்கவில்லை. வருடக் கடைசியில் பிறந்தவர்களின் குப்பிகள் மேலே தங்கியதால் அவர்களுக்குச் சின்ன இலக்கங்கள் கூடுதலாக விழுந்தன. புள்ளிவிவரக்காரர்கள் அதை அப்போதே கண்டுபிடித்துச் சத்தம் போட்டார்கள். “மார்கழியிலை பிறந்ததுக்கு எங்கை போனாலும் இதுதான்” என்றார் சித்தப்பா.

குலுக்கலுக்கு முன்னரும் கட்டாய ஆட்சேர்ப்பு இருந்தது, அது இன்னும் மோசம். பல்கலைக்கழகத்தில் படித்தால் தள்ளிப்போடலாம். குடும்ப டொக்டர் கடிதம் கொடுத்தாலும் தப்பலாம். போனது பெரும்பாலும் தொழிலாளி வீட்டுப் பெடியள், கறுப்பினப் பெடியள். அப்படியிருந்தும் கடிதம் எந்த வீட்டுப் படலைக்கும் வரலாம் என்ற பயம் ஊர் முழுக்க இருந்தது. 1964 முதல் 1973 வரை 18 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கட்டாயமாகச் சேர்த்தார்கள். எல்லோரும் வியட்நாமுக்குப் போகவில்லை, ஆனால் எல்லோருடைய அம்மாவுக்கும் நித்திரை இல்லை. 1967 ஏப்ரலில் முகமது அலி ஹூஸ்டனில் பெயர் கூப்பிட்டபோது முன்னே வர மறுத்தார், குத்துச்சண்டைப் பட்டம் பறிபோனது. 1970 மே 4 இல் ஒஹையோவில் கென்ற் ஸ்ரேற் பல்கலைக்கழக வளாகத்தில், சண்டையை எதிர்த்துத் திரண்ட இடத்தில், 4 மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சொந்த உடம்பு போகப்போகிறது என்றால் மனிதன் தெருவுக்கு வருவான்.

இதை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எழுதும்போது ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. வன்னியில் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் புலிகள் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்று கேட்டு வந்தபோது என்ன நடந்தது என்பதை எங்கள் சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிள்ளையை பங்கருக்குள் ஒளித்தவர்கள், பதினேழு வயதில் அவசரக் கலியாணம் கட்டி வைத்தவர்கள், பிடித்துக்கொண்டு போன வாகனத்துக்குப் பின்னால் மண்ணை அள்ளித் தூற்றிக்கொண்டு ஓடிய தாய்மார். அங்கே வாய்விட்டுக் கத்த இடம் இருக்கவில்லை. அமெரிக்கத் தாய்க்கு அந்த இடம் இருந்தது. பிள்ளையைக் கேட்டு வந்தால் எந்த வீடும் அந்தச் சண்டையைப் பற்றி இரண்டு தரம் யோசிக்கும் என்பதில் மட்டும் எந்த ஊரும் வேறுபடாது.

ஈராக்குக்கு யாரையும் கட்டாயமாகக் கேட்கவில்லை. கட்டாய ஆட்சேர்ப்பை நிறுத்துவதாக 1973 ஜனவரி 27 இல் அறிவித்தார்கள், வியட்நாம் சண்டையை நிறுத்தும் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள். 2003 இல் போனது சம்பளத்துக்குச் சேர்ந்த படை. ஆள் பற்றாமல் வந்தபோது பொதுமக்களிடம் போகவில்லை. இருந்தவர்களையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களையும் வீட்டுக்கு விடாமல் பிடித்து வைத்தார்கள். மிச்சத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். சமையல், லொறி ஓட்டம், உடுப்புத் தோய்ப்பு, கடைசியில் துப்பாக்கிக் காவலும். 2007 செப்டெம்பர் 16 இல் பக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் 17 பொதுமக்களைச் சுட்டது பிளக்வோட்டர் என்ற கம்பனியின் ஆட்கள், இராணுவம் இல்லை.

இந்தக் கம்பனி வேலைக்கு எங்கள் பக்கத்து நாடுகளின் ஏழைகள்தான் போனார்கள். 2004 ஓகஸ்டில் 12 நேபாளப் பெடியளை ஈராக்கில் கடத்திக் கொன்றார்கள். ஜோர்தானில் வேலை என்று கடன்பட்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தானுக்கு விளக்கத் தேவையில்லை. அந்தப் 12 பேர் எந்த அமெரிக்கக் கணக்கிலும் இல்லை.

காசு விஷயத்தையும் பாருங்கள். வியட்நாம் செலவு ஏறியதும் 1968 இல் அப்போதைய ஜனாதிபதி ஜோன்சன் வருமான வரிக்கு மேல் 10 வீதம் கூடுதல் வரி போடவைத்தார். சம்பளத்தில் வெட்டு விழுந்தால் சண்டை எவ்வளவு காலம் என்று சனம் கேட்கத்தான் செய்யும். புஷ் பக்தாத்தைப் பிடித்த அடுத்த மாதமே, 2003 மே மாதத்தில், வரியைக் குறைத்தார். கடனில் நடந்தது சண்டை. சவப்பெட்டிகள் வந்திறங்கும் படங்களை எடுக்கவும் தடை, 1991 இல் போட்டது, 2009 வரை நீங்கவில்லை. பிள்ளையும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை, பெட்டியையும் காட்டவில்லை. பிறகு சனம் எங்கே திரண்டு வரும்?

வந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2003 பெப்ரவரி 15 இல் இலண்டன், ரோம், நியூயோர்க் என்று உலகம் முழுக்கப் பல இலட்சம் பேர் தெருவில் இறங்கினார்கள், சண்டை தொடங்க முன்பே. வியட்நாமுக்கு முன்கூட்டி அப்படி யாரும் இறங்கவில்லை. ஆனால் சண்டை தொடங்கியதும் கூட்டம் கரைந்தது. வியட்நாமின் மைலாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 இல் அமெரிக்கப் படையினர் செய்த கொலைகள் 1969 நவம்பரில்தான் வெளியே வந்தன. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளை அமெரிக்கப் படையினர் வதைத்த படங்கள் சில மாதங்களிலேயே உலகம் முழுக்கப் பரவின. உண்மை முன்னதைவிட வேகமாக வந்தது, ஆனால் யாரையும் கவிழ்க்கவில்லை. ஜோன்சன் 1968 மார்ச் 31 இல் மறுபடி போட்டியிடமாட்டேன் என்று விலகினார். புஷ் அபு கிரைப் படங்கள் வந்த அதே 2004 இல் மறுபடி வென்றார்.

சித்தப்பா இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. “கட்டாயமாப் பிடிச்சதாலை சண்டை நிண்டதோ? நிக்சன் வந்த பிறகு எத்தினை பேர் செத்தவங்கள் எண்டு பார்” என்றார். பார்க்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும். 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கச் சாவுகளில் 20,000க்கு மேல் 1969 ஜனவரிக்குப் பிறகு. மனிதர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கோபம் தெருவில் திரண்டு, தேர்தலில் இறங்கி, சட்டசபைக்குள் நுழைய வருடக்கணக்கு எடுத்தது. இருந்தாலும் அது உள்ளே போனது. டொங்கின் தீர்மானத்தை 1971 தொடக்கத்தில் இரத்துச் செய்தார்கள். 1973 இல் நிக்சனின் வீட்டோவையும் மீறி, ஜனாதிபதி தன்பாட்டில் யுத்தம் நடத்துவதற்குக் கடிவாளம் போடும் சட்டம் கொண்டுவந்தார்கள். ஈராக் சண்டை நடந்த காலத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

இனி மறுகரை. இங்கேதான் ஒப்படைக்காரப் பிள்ளை அதிகம் சறுக்கியிருந்தது. வியட்நாமில் எதிராளிக்கு ஒரு தலைநகர் இருந்தது, இராணுவம் இருந்தது, பிரெஞ்சுக்காரரைத் தியன் பியன் பூவில் 1954 இல் விழுத்திய அனுபவம் இருந்தது. அமெரிக்கர் போனதும் யார் வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1975 ஏப்ரல் 30 இல் தென்வியட்நாம் தலைநகர் சைகோனில் ஜனாதிபதி மாளிகைக் கேற்றை வடவியட்நாம் டாங்கி இடித்துக்கொண்டு உள்ளே போனது, சண்டை முடிந்தது. (பிறகு மறுசீரமைப்பு முகாம்களும், படகில் கடலுக்குள் இறங்கிய சனமும் இருக்கிறது. சித்தப்பா இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவார்.)

ஈராக்கில் அமெரிக்கர்கள் தாங்களே அரசை உடைத்தார்கள். ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய போல் பிரெமர் 2003 மே மாதம் வந்திறங்கியதும் போட்ட முதலாம் கட்டளை சதாமின் பாத் கட்சிக்காரரை வேலையிலிருந்து தூக்கியது. மே 23 இல் இரண்டாம் கட்டளை இராணுவத்தையே கலைத்தது. ஏறக்குறைய 4 இலட்சம் ஆண்கள், சம்பளம் இல்லை, மரியாதை இல்லை, வீட்டில் துப்பாக்கி மட்டும் இருக்கிறது. அடுத்தது என்ன நடக்கும் என்று எங்கள் சந்தையில் மரக்கறி விற்கிற அக்காவே சொல்லியிருப்பா. பக்தாத்தில் ஐ.நா. தலைமையகம் ஓகஸ்டில் வெடித்தது. 2006 பெப்ரவரியில் சமாராவில் ஷியாக்களின் பொற்கூரைப் பள்ளிவாசலைக் குண்டு வைத்துத் தகர்த்த பிறகு, அயல்வீட்டுக்காரன் ஷியாவா சுன்னியா என்பதே உயிர்ப் பிரச்சினையானது. வியட்நாமில் ஒரு யுத்தம் முடிந்தது. ஈராக்கில் ஒரு யுத்தம் பல யுத்தங்களாகப் பிரிந்தது.

சண்டைக்குச் சில நாள் முன்னர் உபஜனாதிபதி டிக் செனி ரி.வி. பேட்டியில், தங்களை விடுவிக்க வந்தவர்களாக ஈராக்கியர் வரவேற்பார்கள் என்றார். இந்த வசனத்துக்கு யாழ்ப்பாணத்தில் உரை எழுதத் தேவையில்லை. 1987 ஓகஸ்டில் வந்த இந்தியப் படைக்கு நாங்களும் பூ எறிந்தோம், மாலை போட்டோம். ஒக்டோபரில் ஷெல்லுக்குப் பயந்து நல்லூர்க் கோயிலுக்குள் சாக்கு விரித்துப் படுத்தோம். அப்போது எனக்குப் பதினைந்து வயது. மாலை போட்ட கை எவ்வளவு விரைவில் வேறொன்றைத் தூக்கும் என்று செனி எங்களிடம் கேட்டிருக்கலாம்.

ஒரு விஷயத்தில் சித்தப்பாவின் ‘இரண்டும் ஒன்று’ வாதம் உண்மையாகவே பலமானது. அமெரிக்கா கட்டிக்கொடுத்த படைகள். தென்வியட்நாம் இராணுவத்துக்கு விமானம், டாங்கி, துப்பாக்கி எல்லாம் கொடுத்தார்கள். 1975 இல் சில வாரங்களில் கரைந்தது. ஈராக்கில் கலைத்த இராணுவத்தைப் பல நூறு கோடி டொலரில் மறுபடி கட்டி, 2011 டிசம்பரில் வெளியேறினார்கள். 2014 ஜூனில் ஐ.எஸ். ஆட்கள் கொஞ்சப் பேர் மோசூலுக்கு வந்தபோது அது சீருடையைக் கழற்றி வீதியில் போட்டுவிட்டு ஓடியது. இந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

செத்தவர்களின் கணக்கைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. வியட்நாம் அரசு 1995 இல் வெளியிட்ட மதிப்பீட்டில் பொதுமக்கள் 20 இலட்சம், போராளிகள் 11 இலட்சம். ஈராக்கில் 2011 வரை சம்பவம் சம்பவமாகப் பதிவான பொதுமக்கள் சாவுகளே ஒரு இலட்சத்துக்கு மேல், அமெரிக்கப் படையினர் 4,400க்கு மேல். வியட்நாமில் செத்த ஒவ்வொரு அமெரிக்கனுக்கும் 1982 இல் வாஷிங்டனில் கறுப்புக் கல்லில் பெயர் பொறித்தார்கள்.

நான் கடைசியாக எடுத்த ஆயுதம் ஆப்கானிஸ்தான். 2021 ஓகஸ்டில் காபூல் தூதரகத்துக்கு மேல் ஹெலிகொப்ரர் பறந்ததும் எல்லாப் பத்திரிகையும் 1975 சைகோன் ஹெலிகொப்ரர் படத்தைப் பக்கத்தில் போட்டது. அந்த ஹெலிகொப்ரர் ஒற்றுமை எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த யுத்தம் 20 வருடம் நடந்தது, நான்கு ஜனாதிபதிகள் மாறினார்கள், ஒரு வீட்டுக்கும் கடிதம் போகவில்லை. அதுதான் நான் சொல்ல வந்தது என்றேன்.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி சாரத்தில் துடைத்தார். “இனி ஆளே தேவையில்லை. ட்ரோன் போகும், இங்கையிருந்து ஒருத்தன் பட்டனை அமத்துவான். அப்ப உன்ரை கணக்கு இன்னும் சரிவரும். ஆனா கீழை நிக்கிறவனுக்கு, மேலை வாறது குலுக்கல்லை வந்தவனோ, சம்பளத்துக்கு வந்தவனோ, மெசினோ எண்டு என்ன வித்தியாசம்? நான் ஒண்டு எண்டு சொன்னது அவனை வைச்சுத்தான்.”

நான் இவ்வளவு நேரமும் அமெரிக்காவில் நின்று கதைத்திருக்கிறேன், அவர் கீழே நின்று கதைத்திருக்கிறார். இரண்டு இடத்திலிருந்தும் பார்க்கலாம்தானே என்றேன். “நீ 87 இலை எங்கை நிண்டனி?” என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணிக்குச் சொல்லச் சொன்னார்.